பதினாலாம் நம்பர் செக்கரின் நட்சத்திரக் கேள்விகள்

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் இந்துமதி பேரைச் சொன்னாலே டெய்லர்கள் தைத்த பீஸை இன்னொரு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். பனியனை உதறுவாள், உள்பக்கம் திருப்புவாள், தையலை விரலால் இழுத்துப் பார்ப்பாள். ஒரு நூல் விட்டிருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ஆல்ட்டருங்கண்ணா" என்று பிரித்துத் தைக்கத் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த மரியாதைதான் எரிச்சலே! குற்றமே இல்லாத பீஸுக்கும் பாராட்டெல்லாம் கிடையாது. "விடலாம்" என்பாள், அவ்வளவுதான். பிறகு 14 என்று அச்சடித்த குட்டி வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அது அவள் நம்பர். பேக்கிங்கில் அதையும் உரித்துப் போட்டுவிடுவார்கள்.

இந்த மகராசி கம்ப்யூட்டரில் பி.சி.ஏ. படித்தவள் என்றால் நம்புவீர்களா? படித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு செக்கிங். 'நான் செஞ்சதுன்னு என்ற பேர் போட்டு ஒண்ணாச்சும் இருக்கோணும்' என்று ரொம்ப நாளாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

அதற்கு வழி ஒரு நட்சத்திர மென்பொருளில் கிடைத்தது. ஊர்ப் பேரைக் கொடுத்தால் போதும், அந்த ஊர் வானத்தை அப்படியே திரையில் விரித்துவிடும். யார் வேண்டுமானாலும் அதற்குப் புதிதாக எழுதிச் சேர்க்கலாம். அங்கே இருப்பவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால், எழுதியவர் பேர் பட்டியலில் ஏறும். பார்த்தாள் இந்துமதி. அதில் எல்லாம் இருந்தது, வினாடி வினா மட்டும் இல்லை.

எட்டு மாச ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்து எழுதி முடித்தாள். வானத்தில் ஒரு நட்சத்திரத்தைச் சிவப்பு அம்பு காட்டும். (வேறெது காட்டும்?) கீழே நாலு பட்டன், நாலு பேர். தப்பாக அமுக்கினால் "தவறு" என்று முகத்தில் அடிக்காது. சரியான பேரைக் காட்டிவிட்டு, "ஆல்ட்டர்" என்று சொல்லி, மூணு கேள்வி தள்ளி அதையே திரும்பக் கொண்டுவரும்.

அனுப்பினாள். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டது. எந்த நாட்டிலோ உட்கார்ந்து சரிபார்க்கிற மனுஷர் ஒன்பது குறை எழுதியிருந்தார்.

விஷயம் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர் ராக்கையா காதுக்குப் போனது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், அவளிடம் அதிகம் ஆல்ட்டர் வாங்கிய சாதனையாளர். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஒனக்கே ஆல்ட்டரா தாயி! அந்தப் புண்ணியவான் எந்த ஊர்க்காரரு? ஒரு மால வாங்கிப் போடணும்!"

இந்துமதிக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த மனுஷர் ஒன்பது குறைக்கும் மேலே, முதல் வரியில், "திரும்ப வரும் கேள்வி அருமையான யோசனை, நன்றி" என்றல்லவா எழுதியிருந்தார்! அது அவளை என்னமோ செய்தது. மறுநாள் ராக்கையா பீஸைப் பார்த்து, "கழுத்து ரொம்ப நல்லா வந்திருக்குங்கண்ணா, கைதான் ஆல்ட்டருங்க" என்றாள்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "ஏந்தாயி, கம்பெனிய மூடப் போறாகளா?"

ஒன்பதையும் சரிசெய்தாள். மறுபடி அனுப்புமுன், சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைக் கொண்டுபோய் ராக்கையா முன்னால் வைத்தாள். "கொற கண்டுபுடிங்கண்ணா, பாக்கலாம்."

கேட்க வேண்டுமா? மனுஷன் சோற்றைப் பாதியில் மூடிவிட்டு உட்கார்ந்தார். முதல் தடவை எல்லாமே ஆல்ட்டர். திரும்பி வந்தபோது திருவாதிரை, ரோகிணி, சுவாதி என்று ஒன்றுவிடாமல் அமுக்கித் தள்ளினார். இந்துமதிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அதுக்குள்ள எப்பிடிங்கண்ணா படிச்சீங்க?"

"நான் எங்கிட்டுப் படிச்சேன்? மொதக் கேள்விக்கு ரெண்டாவது பட்டன், அடுத்ததுக்கு நாலாவது. பேரெல்லாம் எடம் மாறாமத்தான திரும்பி வருது?"

அசந்துவிட்டாள். ஒன்பது கண்டுபிடித்தவர் விட்ட பத்தாவது குறை! அந்த ஞாயிறே, பேர்கள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறி வருகிற மாதிரி செய்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

செக்கிங் டேபிளிலேயே போனில் பட்டியலைத் திறந்தாள். யார் யார் பேரோ இருந்தது, இந்துமதி இல்லை. நடுவில் 'செக்கர்14' என்று ஒன்று கிடந்தது. முதன்முதலில் பதிவு செய்தபோது பேர் கேட்டதற்குக் கைப்பழக்கத்தில் அடித்து வைத்தது! இத்தனை பாடுபட்டும் மறுபடி அதே நம்பர். சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஆல்ட்டர் பண்ணு," என்றார் ராக்கையா. "எங்களுக்கு ஒரு ஞாயம், ஒனக்கு ஒரு ஞாயமா?"

பண்ணினாள். அடுத்த வாரம் போனை அவரிடம் நீட்டி, இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டினாள். "இது நானுங்கண்ணா, இந்துமதி, முதலிபாளையம். இது நீங்க. சோதித்தவர், ராக்கையா."

"நானா?"

இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறார். எந்தப் பனியனிலும் அவர் பேர் கிடையாது. போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு போனை உதறினார். பின்பக்கம் திருப்பினார். ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். அவள் மேஜையிலிருந்து ஒரு 14 ஸ்டிக்கரை உரித்துப் போனின் முதுகில் ஒட்டி, அவள் கையில் கொடுத்தார்.

"விடலாம் தாயி," என்றார்.