பெயர்ப்பலகைக்கு முன்பே தீர்ந்துபோகிறவர்

எங்கள் சைக்கிள் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஞாயிறு காலையில் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பும்போது, கறிக்கடைக்காரர் வீட்டு வாசலில், ஓத்ரேவ் என்று எங்கள் ஊர்ப் பெயர் எழுதி நிற்கும் பலகையை யார் முதலில் தாண்டுகிறாரோ, அவர்தான் அடுத்த ஞாயிறு எந்த வழியில் போவது என்று சொல்லலாம். தலைவர், செயலாளர் எல்லாம் பேருக்குத்தான். பலகை சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பலகையை ரெஷி பூர்ஷே ஒரு தடவைகூட முதலில் தாண்டியதில்லை.

ரெஷி எங்கள் ஊராட்சியின் சாலைப் பணியாளர். சாலையோரப் புல் வெட்டுவது, பனி தள்ளுவது, இலையுதிர்காலத்தில் காட்டுச் சாலையில் விழும் இலைகளை வாருவது எல்லாம் அவர் வேலை. அறுபதை நெருங்குகிற வயது. பலத்துக்குக் குறைவில்லை, குறைச்சல் எல்லாம் பொறுமையில்தான். ஊருக்கு வெளியே பழைய சலவைக் கூடம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் மனிதருக்கு என்னவோ ஆகிவிடும். சீட்டிலிருந்து எழும்பி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பேய் பிடித்ததுபோல் மிதிப்பார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் சொகுசாக வருவார்கள். பலகைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது ரெஷி தீர்ந்துபோவார். எல்லாரும் அவரைத் தாண்டிக்கொண்டு போவார்கள்.

நான் எப்போதும் கடைசியில் வருகிறவள். வாரம் முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டி அவசரப்படுகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு? அதனால் தீர்ந்துபோன ரெஷி எனக்குத்தான் கிடைப்பார். மிச்சத் தூரத்தை இருவரும் பேசிக்கொண்டே உருட்டுவோம்.

"கூடத்துக்கிட்டயே ஏன்யா கிளம்பித் தொலைக்கிற? கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்பேன்.

"பொறுக்கணும்னுதான் நெனைக்கிறேன், சோலாஞ். கால் கேக்க மாட்டேங்குது."

பலகையைத் தாண்டுவது பெரும்பாலும் பல் டாக்டர் எத்தியென். ஒல்லி ஆள், மேடு என்றால் உயிர். ஆகவே வாராவாரம் மலைமேல் ஏற்றம்தான். லூ நதி எங்கள் காலடியிலேயே ஓடுகிறது. அதன் கரையோடு பீச் என்கிற உயரமான காட்டு மரங்களுக்கு அடியில் ஒரு சாலை போகிறது, கோடை மத்தியானத்தில்கூட வெயில் விழாது. அதில் நாங்கள் போய் வருஷக்கணக்காகிறது. டாக்டரைக் கேட்டால், "அது ரோடா? மேடே இல்லாத வராந்தா!" என்பார்.

அந்தச் சாலையில்தான் ரெஷியின் சங்கடம் இருந்தது.

ஆற்றோரத்தில் ஒரு பழைய ஆலை. அதில் ஜிஸ்லேன் ட்ரௌட் மீன் வளர்த்து, வருகிறவர்களுக்குப் பொரித்துக் கொடுக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷமாகிறது. ரெஷி புல் வெட்ட அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆலை வாசலில் ஊராட்சி வண்டி நிற்கும். இன்ஜினை அணைக்க மாட்டார், கீழே இறங்கவும் மாட்டார். அவள் காப்பியை ஜன்னல் வழியாக நீட்டுவாள். ஒரு நாள் அவள் சைக்கிள் சங்கத்தைப் பற்றிக் கேட்க, இவர் வாய் நழுவி, "ரூட் போடுறதெல்லாம் நான்தான்" என்று சொல்லிவிட்டார்.

"அப்படின்னா ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் அவள்.

இது நடந்து இரண்டு வருஷம். ரோட்டில் சரளை கிடக்கிறது, வெள்ளம் வரும்போலிருக்கிறது, டாக்டருக்கு முழங்கால் வலி என்று இவர் சொல்லாத சாக்கு இல்லை. இந்த அக்டோபரில் அவள், "கல்லறைத் திருநாளோட கடையைச் சாத்திடுவேன். மக ஸ்ட்ராஸ்பூருக்கே வந்துடச் சொல்றா. திரும்பி வருவேனோ மாட்டேனோ" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது ரெஷி சைக்கிளையே நிறுத்திவிட்டார்.

"பலகையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். டாக்டர்கிட்ட நேராக் கேளு" என்றேன்.

"கேட்டா ஒத்துக்குவான். ஆனா என்னைப் பொதைக்கிற அன்னிக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்."

"அப்ப தனியாப் போ."

"தனியாப் போய் என்னன்னு சொல்றது? மீன் திங்க வந்தேன்னா? எனக்கு மீனே பிடிக்காது."

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? கல்லறைத் திருநாளுக்கு முன் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பந்தயம்.

அந்த ஞாயிறும் வழக்கம்போலத்தான். டாக்டர் எங்களை மலைமேல் ஏற்றி, உயிரை வாங்கி, ஆற்றுப் பக்கமாகக் கீழே இறக்கிவிட்டார். சலவைக் கூடம் தெரிந்ததோ இல்லையோ, ரெஷி எழும்பினார். "இன்னிக்காவது பொறுடா!" என்று நான் கத்தியது யார் காதில் விழுந்தது? மற்றவர்கள் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். எப்போதும் தீர்ந்துபோகிற இடத்தில் தீர்ந்துபோனார். டாக்டர் பாய்ந்து போய், கறிக்கடைக்காரர் வீட்டு வாசலில் இரண்டு கைகளையும் தூக்கினார். நாக்கு வெளியே தள்ள ரெஷி அங்கே கடைசிக்கு முந்தி வந்து சேர்ந்தார்.

கடைசியாக வந்தது நான். வரும் வழியில் ஒன்றைப் பார்த்தேன்.

"கையை எறக்குங்க டாக்டர். பலகை எங்கே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கறிக்கடைக்காரர் வாசலில் பலகை இல்லை. புதிதாக மூடிய குழிதான் இருந்தது. பலகை இருநூறு மீட்டர் பின்னால், புதிதாகக் கட்டிய வீடுகளுக்கும் அப்பால் நின்றது. பல வருஷப் பழக்கம். நாங்கள் யாரும் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை, அது இருந்த இடத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறோம்.

"அதை முதல்ல தாண்டினது ரெஷி" என்றேன்.

தூக்கின கைகள் இறங்கின. பிறகு டாக்டர் மெதுவாகக் கேட்டார். "பலகையை யார் நகத்தினது?"

எல்லாரும் ரெஷியைப் பார்த்தார்கள். ரெஷி தன் ஷூவைப் பார்த்தார்.

"நான்தான். புது வீடெல்லாம் ஊருக்குள்ள வரணும்னு மேயரம்மா சொன்னாங்க. வியாழக்கிழமை புடுங்கி அங்க நட்டேன்."

"அட திருட்டுப் பயலே! நீயே நட்டுட்டு நீயே ஜெயிச்சியா?"

சண்டை பார் வரைக்கும் வந்தது. வெள்ளை ஒயினும் கோந்தே சீஸும் மேஜைக்கு வந்த பிறகும் ஓயவில்லை. ஏமாற்று வேலை என்றார்கள், செல்லாது என்றார்கள். ரெஷி தனக்காக ஒரு வார்த்தை பேசினாரா என்றால் இல்லை. "சுத்தமா மறந்துட்டேன்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏமாத்துறவன் என்ன பண்ணுவான்?" என்று மேஜையைத் தட்டினேன். "பலகையைத் தாண்டினதும் கையைத் தூக்குவான். இவன் தூக்கினானா? தன் கையால நட்ட பலகையைத் தாண்டி, பழைய குழி வரைக்கும் நாக்குத் தள்ள மிதிச்சிருக்கான். இவ்வளவு முட்டாளா ஒரு திருடன் இருப்பானா?"

டாக்டர் யோசித்தார், சிரித்தார், கடைசியில் ரெஷியின் கிளாஸை நிரப்பினார்.

"இவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு முன்னால நான் தோத்துட்டேன். சரி சொல்லு, அடுத்த ஞாயிறு எங்கே?"

"ஆத்தோரமா. ஆலை வரைக்கும்."

"அந்த வராந்தாவிலயா? அங்க என்ன இருக்கு?"

"மீன்."

"உனக்குத்தான் மீனே பிடிக்காதே!"

ரெஷியின் காது சிவந்தது. அதற்குமேல் அந்த மேஜையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. "இன்னொண்ணு" என்றார் அவர், ஒயினைப் பார்த்தபடியே. "எப்பவும் ரூட் போடுறது நான்தான்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்." டாக்டர் சிரித்த சிரிப்பில் ஒயின் மூக்கு வழியாக வந்தது. ஆனாலும் நல்ல மனுஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை இவனுக்கு முன்னால ஒருத்தன் சக்கரமும் போகக் கூடாது" என்று எல்லாரிடமும் சொன்னார்.

ஒருத்தன் சக்கரமும் போகவில்லை. அதற்குப் பதில் வழி முழுக்க வாயால் கொன்றார்கள்.

"தலைவரே, இந்த வளைவுல வளையணுங்களா?"

"வளையலேன்னா ஆத்துல விழுவ."

"உத்தரவு, தலைவரே!"

பீச் இலைகள் செம்புக் காசுகளாக விழுந்துகொண்டிருந்தன. மழை பெய்து ஈரமாயிருந்தும் சாலையில் ஒரு இலைகூடக் கிடக்கவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை, லீவு. ஆலை வரைக்கும் யார் வாரியிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

ஜிஸ்லேன் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ரெஷியை வண்டிக்கு வெளியே அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இறுக்கமான சங்க ஜெர்சியில், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மனிதர் ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன், மேடம். இன்னிக்கு ரூட் போட்டது நான்தான்."

"இன்னிக்கு மட்டுந்தானே போட்டீங்க" என்றாள் அவள்.

நாங்கள் மீன் தொட்டியை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தோம், அவள் விடவில்லை.

"நீங்க ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லேன்னு இந்தத் தொட்டியில இருக்கிற மீனுக்கெல்லாம் தெரியும். தனியாக் கூப்பிட்டா வண்டியைத் திருப்பிட்டு ஓடிடுவீங்கன்னுதான் எல்லாரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். நீங்க என்னடான்னா ரெண்டு வருஷமா ஆள் சேத்துட்டு இருந்திருக்கீங்க!"

ரெஷி இழுத்துப் பிடித்திருந்த வயிறு தன் இடத்துக்கு வந்தது.

ட்ரௌட் வந்தது. மீன் பிடிக்காத மனிதர் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைத் தன் தட்டுக்கு இழுத்தார். நாங்கள் கிளம்ப எழுந்தபோது அவரும் ஹெல்மெட்டை எடுத்தார். ஜிஸ்லேன் அவரைப் பார்க்காமல், தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஆலை வாய்க்கால்ல இலை அடைச்சுக் கெடக்கு. வாரிப்போட ஆளில்லாமத்தான் குளிர்காலத்துல சாத்துறேன். ஆள் இருந்தா நான் எதுக்கு ஸ்ட்ராஸ்பூர் போறேன்?"

ரெஷி ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

அவர் இல்லாமல் நாங்கள் திரும்பினோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் பேச்சுத் துணை போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. சலவைக் கூடம் வந்தது. டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் இன்னொருவரைப் பார்த்தார். எழும்பி முதலில் கிளம்ப ஒருவரும் இல்லை. யார் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது என்று தெரியாமல், சந்தைக்குப் போகிற கூட்டம்போல் எல்லாரும் ஒன்றாகப் பலகையைத் தாண்டினோம்.

அடுத்த ஞாயிறு எந்த வழி என்று யாருக்கும் தெரியவில்லை. ரெஷி வந்தால் கேட்கலாம் என்றார் டாக்டர்.