லிஃப்ட் மெக்கானிக்கைப் பேச வைத்த வகுப்பு

ஆய்வு முறைகள் பாடம் என்றாலே சமூக அறிவியல் மாணவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். நேர்காணல் எடுப்பது எப்படி என்று பேராசிரியை தொண்டை வறளப் பேசிப் பார்த்துவிட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அவருக்கே அலுத்துப் போய், அடுத்த வகுப்புக்குத் தன் கணவரைக் கையோடு கூட்டி வந்தார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் மகா கஞ்சன். கல்யாணமான புதிதில் மாமியாரே, “அவன் தலையாட்டினா அதையே பேச்சுன்னு வெச்சுக்கம்மா” என்று சொல்லிவைத்திருந்தார்.

“இவரைப் பேச வையுங்க, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பேராசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முன்வரிசை மாணவன் தொண்டையைச் செருமினான். “சார், உங்க வேலை உங்களுக்குப் பிடிக்குமா?”

“பிடிக்கும்.”

“கஷ்டமா இருக்குமா?”

“இருக்கும்.”

“ஆபத்தான வேலையா?”

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். “ஆமா.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் உதட்டோரம் சிரித்தார். மாணவர்கள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். “ஒரே வார்த்தையில தப்பிக்கிற மாதிரியே கேட்டுட்டு இருக்கோம்” என்றாள் வாயாடி என்று பேரெடுத்த ஒருத்தி. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“கடைசியா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க சார்.” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அதுதான் பெரும்பாடு.

மெக்கானிக் கையைப் பிசைந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. மெல்ல ஆரம்பித்தார்.

“ஒரு ஆபீஸ் கட்டடம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு குரல் குடுத்தேன், பதிலே இல்ல. எனக்குக் கை கால் ஓடல. காதை வெச்சுக் கேட்டா, உள்ள பாட்டு. பயம் தெரியாம இருக்க ஒரு அம்மா பாட ஆரம்பிச்சு, மத்தவங்களும் சேர்ந்துட்டாங்க. கதவைத் திறந்தா, ‘கொஞ்சம் இருப்பா, சரணம் பாக்கி இருக்கு’ன்னாங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“வெளிய நின்னு தாளம் போட்டேன்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியைக்குச் சிரிப்போடு ஆச்சரியமும். வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை. தானும்தான் என்ன கேட்டோம்? ‘வேலை முடிஞ்சுதா’, ‘சாப்டாச்சா’, அவ்வளவுதானே.

மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. அடுத்த வாரம் தபால்காரர், சலவைக்கடைக்காரர் என்று ஆளுக்கொருவரைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு வருவதாக மாணவர்களே முடிவெடுத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பேராசிரியை கேட்டார்: “அத்தனை பேர் உங்களையே பார்த்துட்டு இருந்தப்போ மனசுல என்னங்க ஓடுச்சு?”

கணவர் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் போயே போய்விட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே வந்த வழியே நடந்தார்கள்.