பதினெட்டு சைக்கிளுக்கு ஒரே பூட்டு

சுபாங் ஜெயாவில் என் மகள் வீட்டு ஹாலில் ஒரு சைக்கிள் சுவரில் தொங்குகிறது. மருமகன் வாங்கியது. போன வாரம் தூசி தட்டலாமென்று துணியோடு கிட்டே போனேன். கை பட்டதும் வீல் என்று அலறியது. மாடியிலிருந்து கைப்பேசியும் கையுமாக மருமகன் ஓடி வந்தார்.

"தொடாதீங்க அத்தை! அலாரம் இருக்கு. கொஞ்சம் அசைஞ்சாலும் என் போனுக்கு வந்துரும்."

"வீட்டுக்குள்ள எங்கப்பா அசையப் போவுது?"

"உங்களுக்குத் தெரியாது அத்தை. இப்ப திருடனுங்கல்லாம் ரொம்ப ஸ்மார்ட் லா."

எனக்குத் தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சைக்கிள் காரின் கூரைமேல் ஏறிப் பூங்காவுக்குப் போகும். அங்கே நாலு சுற்றுச் சுற்றும். மறுபடி காரின் மேலேறி வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிவிடும். ஒரு கடைக்குப் போனதில்லை, ஒரு மழையில் நனைந்ததில்லை. அதன் சங்கிலிக்குப் போடுகிற எண்ணெயில்கூட எலுமிச்சை வாசனை.

என் சைக்கிளுக்கு நான் தையல் மெஷின் எண்ணெய் போடுவேன். அது தீர்ந்தால் தேங்காய் எண்ணெய். வெயிலில் நின்றதென்றால் காய்ந்த தோசைக்கல் மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடையோடுதான் நான் வேலைக்குப் போனேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கம்போங் மேடானில் பலகை வீடு. ரேடியோவுக்குள் போகிற சின்னச் சின்னச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மதியம் மூன்று மணி ஷிப்ட். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில்தான் வருவோம். கேட்டுக்கு வெளியே தகரக் கூரை போட்ட சைக்கிள் கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள்ளே நின்றதோ ஒரு கார். ஆள் எடுப்பது, நீக்குவது எல்லாம் பார்க்கும் பெர்சனல் ஆபீசருடைய கார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லும்படி அவர் எதுவும் செய்ததில்லை. வெயிலில் பெயிண்ட் போய்விடுமென்று காரை நிழலில் விட்டுவிடுவார். அதற்கு முன்னால் மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் சைக்கிளை நெருக்கி நிறுத்துவோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீசர் வீட்டுக்குக் கிளம்புவார். வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா, காருக்கு வழிவிட நாலைந்து சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் ரோட்டோரமாக நிறுத்துவார். திருப்பி எடுத்து வைக்க மாட்டார். ஷிப்ட் முடிந்து நாங்கள் வரும்போது அதில் ஒன்று இருக்காது.

பெரிய மீசைக்காரர் அந்த ஜாகா. போய்க் கேட்டோம்.

"நான் கேட்டுக்குத்தாம்மா ஜாகா. சைக்கிளுக்கு இல்ல" என்றார், பேப்பரை மடிக்காமலே.

அதே மனிதர் நாங்கள் வெளியே போகும்போது சாப்பாட்டுப் பாத்திரத்தை அடுக்கு அடுக்காகத் திறந்து பார்ப்பார். அரிசி மணி அளவு சாமான் ஒன்று கம்பெனியை விட்டுப் போய்விடக் கூடாது. அதற்கு அத்தனை கண். எதிரே முழுச் சைக்கிள் உருண்டு போனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

சாமான் பொருத்தும் லைனில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் செல்வி. ஒல்லியாக இருப்பாள், வாய் மட்டும் ஓயாது. அவள்தான் வழி சொன்னாள்.

"சீட்ட கழட்டி உள்ள கொண்டு போயிருவோம். சீட்டு இல்லாத சைக்கிள எவன் ஓட்டுவான்?"

மறுநாளிலிருந்து எல்லாருடைய பையிலும் ஒரு ஸ்பேனர். கேண்டீன் அலமாரியில் சாப்பாட்டுப் பாத்திரம், பக்கத்தில் சீட்டு, மறுபடி பாத்திரம், சீட்டு. ஒருநாள் நான் சீட்டை அலமாரியிலேயே மறந்துவிட்டு, வீடுவரை நின்றுகொண்டே மிதித்துப் போனேன். ஒரு வாரம் என் தொடை என்னோடு பேசவில்லை. ஆனால் திருட்டு நின்றது.

பொறுக்குமா ஆபீசருக்கு? நோட்டீஸ் ஒட்டினார். சீட்டுக்கடியில் சாமானை ஒளித்துக் கடத்தலாமாம், அதனால் இனி சீட்டு உள்ளே வரக் கூடாது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து யோசித்த யோசனை!

அந்த வாரமே செல்வியின் சைக்கிள் போய்விட்டது. எங்களில் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறவள் அவள். நடந்து வந்தாள், இரண்டு நாள் லேட். இரண்டு நாளும் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போச்சு. அப்பா படுத்த படுக்கை, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து என் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன். மேட்டில் அவள் இறங்கித் தள்ளுவாள், ஆபீசரைத் திட்டிக்கொண்டே.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கனத்தில் சைக்கிள் ஆடியது. உள்ளே லோரியில் மரம் கட்டுகிற சங்கிலி. அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் லோரியில் வேலை செய்தார். மிச்சமிருந்த பதினெட்டு சைக்கிளையும் வரிசையாக நிறுத்தி, கொட்டகையின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை எல்லாவற்றுக்குள்ளும் சங்கிலியை விட்டு இழுத்து ஒரே பூட்டாகப் பூட்டினோம். சாவி செல்வியிடம். கொட்டகைக்குள் நின்ற காரை நான் சத்தியமாக நினைக்கவே இல்லை. செல்வி நினைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐந்தேகால் இருக்கும். ஆபீசர் எங்கள் லைனுக்கே வந்துவிட்டார். கையில் பேட்மின்டன் மட்டை. பின்னால் ஜாகா, மீசை வியர்த்து.

"யார்கிட்ட சாவி?"

செல்வி கையைத் தூக்கினாள்.

"வா, வந்து திற."

"லைன விட்டு எழுந்தா லெட்டர் குடுப்பீங்க சார். ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

"நான்தானே கூப்பிடறேன்!"

"அப்ப எழுதிக் குடுங்க சார்."

லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் தலை நிமிரவில்லை, ஆனால் அத்தனை காதும் அங்கேதான். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். செல்வி அடுத்ததையும் சொன்னாள்.

"அப்படியே நாளையிலருந்து சைக்கிள கேட்டுக்கு உள்ள வைக்கலாம்னு போடுங்க சார். இல்லாட்டி தெனமும் பூட்டித்தான் ஆகணும்."

ஆபீசர் எங்கள் சூப்பர்வைசரின் மேசையில் குனிந்து எழுதினார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செல்வி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள். போய்த் திறந்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சைக்கிள்கள் கேட்டுக்குள் வந்தன. அதன்பின் ஒன்றும் போகவில்லை. செல்விக்கு நாங்கள் கேண்டீனில் ஒரு தட்டு மீ கோரெங் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம்.

இங்கேயே நிறுத்திவிட்டால் எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் வருஷக் கடைசியில் எல்லாருக்கும் சம்பள உயர்வுக் கடிதம் வந்தது, செல்வியைத் தவிர. ஒழுங்கு போதாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு எச்சரிக்கைக் கடிதமும் பைலில் பத்திரமாக இருந்தன. அவற்றை எந்தத் திருடனும் தொடவில்லை. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எங்களைப் பார்த்தாள், அவ்வளவுதான். நானும் மற்றவர்களும் எங்கள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். சைக்கிள் பதினெட்டையும் ஒரே சங்கிலியில் கோத்தவர்கள்தான். ஒருத்திகூட எழுந்து போய் ஆபீசரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீசரைக் கேவலமாகப் பேசுகிற வாய் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு அது எங்கே போயிற்று?

செல்வி மூன்றே மாதத்தில் வேலையை விட்டாள். ஜெஞ்சாரோமில் கல்யாணம் செய்துகொண்டு போனாள் என்று கேள்வி. பத்திரிகை எனக்கு வரவில்லை.

போன மாதம் அந்தப் பழைய தொழிற்சாலைப் பக்கம் போக வேண்டியிருந்தது. கம்பெனி எப்போதோ வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு கட்டடம். முன்பெல்லாம் ஷிப்டுக்கு நாங்கள் மணி அடித்துக்கொண்டு கூட்டமாக எதிரே இருந்த சாலைச் சந்திப்பைக் கடக்கும்போது, லோரிக்காரர்கள் நிறுத்தி வழிவிடுவார்கள். இப்போது சந்திப்பே இல்லை. ஆறு தடம், நடுவே இடுப்பளவு சுவர். எதிர்ப்பக்கம் தெரிகிற கடையில் ஒரு தே தாரிக் குடிக்கக் கார் எடுத்து, மேம்பாலம் ஏறி, யூ டர்ன் அடித்து, டோல் கட்டிவிட்டு வர வேண்டியிருந்தது.