அறுபது ஃப்ரேம், ஒன்றுகூட டிராப் இல்லை

காலையில் மீஞ்சூரில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கும் ஸ்டீபனுக்கும் சண்டை. வரப்போகிற விண்வெளி கேம் என் பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடுமா, அதாவது திரையில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வரும் என்பதுதான் விஷயம்.

"கிரகத்துல எறங்கும்போது திக்கும் மச்சான். முப்பது ஃப்ரேம் வந்தாலே பெரிசு," என்றான்.

"முப்பதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டேன். அறுபது வரணும். நடுவுல ஒன்னுகூட டிராப் ஆவக்கூடாது," என்றேன்.

கவரைப்பேட்டையில் ஏறிய எங்கள் சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

நாங்கள் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டியில், பஸ் சீட்டுக்கு இரும்பு ஃப்ரேம் வெல்டிங் செய்யும் கம்பெனியில். ஒரு ஷிஃப்டுக்கு முப்பதைத் தாண்டியதே இல்லை.

"அறுபதா? இன்னாப்பா சொல்ற, முடியுமா?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃப்ரேமைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது ஜிக்கைக் கேட்டு ஆறு மாதமாக நடையாய் நடந்தவன் நான்.

"ரெண்டாவது ஜிக் குடுத்தா முடியும் சார்."

எட்டரைக்கு ஜிக் வந்துவிட்டது. ஸ்டீபன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஷிஃப்ட் முடிந்ததும் எண்ணினோம். சரியாக அறுபது. ஒரு ரிஜெக்ட்கூட இல்லை.

சூப்பர்வைசர் தோளில் தட்டினார். "ரயில்லயே வேலையப் பத்திப் பேசிக்கினு வந்தீங்களே, அப்பவே தெரியும்பா எனக்கு."

திரும்பும்போது ஸ்டீபன் சொன்னது: "நூத்திருபது ஃப்ரேம் மானிட்டர் பத்தி மட்டும் ரயில்ல வாயத் தொறக்காத."

ஆகவே நண்பர்களே, கேம் பற்றிய விவாதம் கமென்ட்டில் மட்டும்.