ஒரு விரல் இடைவெளி

முஃப்லிஹா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உம்மா நோயில் பாயோடு விழுந்த வருடம் அது. அதன்பிறகு புத்தளத்தில் உப்பைப் பைகளில் அடைப்பதே அவள் வேலையாகிப் போனது. தில்லையடியில் பெண்களுக்கென்று கராத்தே வகுப்பு தொடங்கியபோது மகளைச் சேர்க்கத்தான் போனாள். மகள் கால் நோகிறது என்று மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள். வாசலில் குந்தியிருந்து பார்த்த தாயின் கைகளோ அதற்குள் தாமாகவே அசையப் பழகியிருந்தன. முப்பத்தாறு வயதில் முஃப்லிஹா வெள்ளை உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டாள்.

வகுப்பு முடிகையில் எல்லோரும் ஐந்து வரி உறுதிமொழி சொல்வார்கள். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வார்கள். ஆறு வருடமாக அந்த வரிகளை முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பவள் முஃப்லிஹாதான். ஏட்டைப் பாராமல் அவளுக்குச் சொல்ல வந்த பாடம் அது ஒன்றுதான்.

நடுவில் இல்மா வந்து சேர்ந்தாள். படித்தவள், உயரமானவள், ஸ்கூட்டியில் வருபவள். முஃப்லிஹா ஒரு மாதம் பாடுபட்டுப் பழகிய உதை அவளுக்கு இரண்டு நாளில் வந்தது. அவள் உடுப்பில் மடிப்புக் கலைவதில்லை. வியர்த்தாலும் அழகாகவே வியர்த்தாள். அதை நினைத்தாலே முஃப்லிஹாவுக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பை நடத்தும் றுக்கியா டீச்சர் சொன்னார்:

"கனமூலையில சின்னப் புள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கப் போறன். உங்க ரெண்டு பேருல ஒராள் போய்ப் படிச்சுக் குடுக்கணும்."

கனமூலைப் பிள்ளைகள் தன்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவதை முஃப்லிஹா அந்த நிமிடமே காதால் கேட்டுவிட்டாள்.

"ரெண்டு பேரும் மோதுங்க. குத்து முகத்துக்குப் போகணும், ஒரு விரல் இடம் விட்டு நிக்கணும். நிப்பாட்டத் தெரியாத கைய நான் புள்ளைகளுக்குப் பக்கத்துல விடமாட்டன்."

"பாத்து ராத்தா, எனக்கு இருக்கிறது ஒரே மூக்கு," என்று சிரித்தாள் இல்மா. வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்போடு முஃப்லிஹாவின் கை புறப்பட்டது. ஸ்கூட்டி, மடிப்புக் கலையாத உடுப்பு, இரண்டு நாளில் வந்த உதை எல்லாம் அந்த முஷ்டிக்குள் இருந்தன. முஷ்டி இல்மாவின் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்றது.

"மாஷா அல்லாஹ்! இதுதான் அடக்கம்," என்றார் டீச்சர். "கனமூலைக்கு முஃப்லிஹா."

எல்லோரும் கைதட்டினார்கள். இல்மாவும் தட்டினாள். கண்ணை மட்டும் முஃப்லிஹாவின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

உறுதிமொழி நேரம் வந்தது. முஃப்லிஹா முதல் வரியைச் சொன்னாள்.

"நல்ல குணத்தை வளர்ப்போம்."

எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது வரி 'உண்மையாக நடப்போம்'. அதைச் சொல்லாமல் அவள் இல்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறந்துட்டீங்களா ராத்தா?" என்றது ஒரு சின்னக் குரல்.

"நான் நிப்பாட்டல்ல டீச்சர்," என்றாள் முஃப்லிஹா. "அடிக்கத்தான் போனன். அவதான் தலையப் பின்னால எடுத்தா."

டீச்சர் இல்மாவைப் பார்த்தார். "உண்மையா?"

"ஓம். எடுக்காட்டி மூக்கு போயிருக்கும்."

"ஏன் நீ சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே டீச்சர்."

மறுபடி சிரிப்பு. உண்மையைச் சொன்னவள் முஃப்லிஹா. சிரிப்பை வாங்கியவள் இல்மா. டீச்சர் சிரிக்கவில்லை. "கனமூலைக்கு இல்மா போகட்டும்," என்றார். "முஃப்லிஹா, ரெண்டாவது வரியச் சொல்லு." சொன்னாள். குரல் உடையாமல் ஐந்தையும் சொல்லி முடித்தாள்.

இப்போது உப்புக் களஞ்சியத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு வெற்றுச் சாக்கைக் கயிற்றில் தொங்கவிட்டுக் குத்துகிறாள். ஒரு விரல் முன்னால் கை நிற்க வேண்டும். சாக்கு அசைந்தால் தோல்வி. நேற்றுப் பத்துக் குத்தில் ஒன்பது சரியாக நின்றன. பத்தாவதற்குக் கை ஓங்கும்போது வெளியே ரோட்டில் ஒரு ஸ்கூட்டி போனது.

அதன் சத்தம் தேய்ந்த பிறகும் சாக்கு ஆடிக்கொண்டிருந்தது.