பாபநாசத்தில் உச்சுக் கொட்டியவர்

‘உச்.’ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்தால் வருகிற சத்தம். அப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என் தலையைத் தடவி, அதைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். அது மறுபடி காதில் விழுந்தது தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில், கும்பகோணம் பஸ்ஸில். மாலை நாலரை மணி.

பக்கத்து இருக்கைக்காரர் என் கையிலிருந்த நோட்டீஸைப் படித்திருக்கிறார். பாபநாசம் கல்யாண மண்டபத்தில் பார்வையற்ற கலைஞர் இளவழகன் கீபோர்டு வாசித்துச் சிரிக்க வைக்கிறார். கட்டணம் நூற்றைம்பது ரூபாய்.

“நானும் அங்கதாங்க போறேன். எம் பொண்ணு இவரத்தான் கட்டிக்குவேங்குது. பாத்துட்டு முடிவு சொல்றேன்னு வந்திருக்கேன். கண்ணு தெரியாத புள்ளைங்க. உச்.”

பெயர் கோவிந்தராசு. கீழ்வேளூர் விவசாயி. தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். பாபநாசம் இருபத்தைந்து கிலோமீட்டர். அய்யம்பேட்டை தாண்டியதும் இருபுறமும் சம்பா. பயிரிடை நீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் எட்டிப் பார்த்து, “களையெடுக்காம விட்டிருக்கான்” என்றார்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி. மேடையில் ஒல்லியான இளைஞர். கறுப்புக் கண்ணாடி இல்லை.

“பேங்க்ல என்னைப் போட்டோ எடுத்தாங்க. ‘கேமராவ நேரா பாருங்க’ன்னாங்க, பாத்தேன். ‘நல்லா வந்திருக்கா சார்’னு கேட்டா, ‘நீங்களே பாத்துச் சொல்லுங்க’ங்கறார்!”

கீபோர்டில் ஒரு டமாரம் அடித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று மண்டபம் தயங்கியது. அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து, ‘உச்.’

“யாருங்க அது? அவருகிட்ட மைக்கக் குடுங்க. எந்த ஊருங்கய்யா?”

கோவிந்தராசு எழுந்தார். “கீழ்வேளூர்.”

முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று திரும்பிப் பார்த்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். இளவழகனின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றன. யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வணக்கம் சொல்லி உட்கார வைத்திருக்கலாம்.

“அந்த உச்ச இன்னொரு தரம் மைக்ல குடுங்கய்யா. ஊர் ஊரா எனக்குக் குடுத்திருக்காங்க. இதுவரைக்கும் ஒண்ணுத்துக்கும் ஆகல.”

கோவிந்தராசு கூச்சத்தோடு கொட்டினார். இளவழகன் ஒரு பொத்தானை அழுத்த, கீபோர்டு அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டது. ஒரு கட்டையில் தடித்த உச், அடுத்ததில் கீச்சென்று ஓர் உச். பிறகு இரண்டும் துரத்திக்கொண்டு தவில் போல ஓடின.

“மாடு ஓட்டுறாம்ப்பா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, மண்டபம் உடைந்து சிரித்தது. கோவிந்தராசு சிரிக்கவில்லை. அவருடைய செருப்பு மட்டும் தரையில் தாளம் போட்டது.

எட்டு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நானும் அவரும் நின்றிருந்தோம். அந்தப் பெண் வந்தாள். அவள் முழங்கையைப் பிடித்தபடி இளவழகன்.

“அப்பா, இவங்கதான்.”

இளவழகன் பிடியை விட்டுக் கைகூப்பினார். “தப்பா எடுத்துக்காதீங்க. வேணாம்னா அந்தச் சத்தத்த இப்பவே அழிச்சிடறேன்.”

தஞ்சாவூர் பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன். எனக்குப் பின்னால் படியில் கால் வைத்த கோவிந்தராசு திரும்பினார்.

“இருக்கட்டும் தம்பி. கீழ்வேளூர்ல மட்டும் வாசிச்சிராதீங்க. கல்யாணத்துக்கு ஊரே வரும்.”