கனமில்லாத கூறைப்புடவை

அன்று நாங்கள் ஏழு பேர். என் பக்கம் நான், அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி. அவர்கள் பக்கம் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய அக்கா. முதலில் ஆறு பேர்தான் போவதாக இருந்தது. கூறைப்புடவை எடுக்க இரட்டைப்படையில் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் உப்பு வாரப் புறப்பட்டுக்கொண்டிருந்த சித்தியை அம்மா வழியிலேயே மடக்கிச் சேலை மாற்றச் சொல்லிக் கூட்டி வந்தாள்.

"ஒத்தைப்படைக்கு ஆள் வேணும்னா நானா? என் கூலி போச்சு. ஒரு ஜாக்கெட் துணியாவது வாங்கிக் குடுங்க" என்று சித்தி பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

சுனாமி வந்த அடுத்த வருஷம், வைகாசி மாதம். மரக்காணத்தில் நாங்கள் நாலு பேர் ஏறினோம். கீழ்புத்துப்பட்டில் அவர்கள் மூன்று பேரும் ஏறினார்கள். பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை என் மனசில் ஒரே கேள்விதான். ஜவுளிக்கடையில் நாற்காலி இருக்குமா, தரையில் மெத்தை போட்டிருப்பார்களா?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்துக்குப் போனவள் நான். பதினாறு வயசில் தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்தேன். அன்றைக்கு வலது இடுப்பில் வந்த வலி எட்டு வருஷமாகியும் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வயிற்றை எரித்ததோடு சரி. நடந்துவிடுவேன். நிற்பேன். தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பதுதான் என் கையில் இல்லை. சில நாள் எழுந்துவிடுவேன், சில நாள் முடியாது. இன்றைக்கு எந்த நாள் என்று காலையில் தெரியாது. அந்தத் தெரியாததுதான் என்னை அரித்தது.

ஆனால் என்னைப் பார்த்து யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். நன்றாக உடுத்துவேன். வலியோடு அழுக்காகவும் இருந்தால் ஜனங்கள் தள்ளி உட்காருவார்கள் என்று எனக்கு ஒரு பயம். காசு கிடையாது. கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உப்புப் பாக்கெட் கட்டுகிற கூலியில் மாத்திரை போக என்ன மிஞ்சும்? பாவாடை நாடாவின் முடிச்சு இடுப்பெலும்பில் அழுத்தும் என்பதால் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அகலமாகப் பட்டி வைத்து, பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டேன். குனிந்து கொசுவம் மடிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே மடித்து மேலே நாலு தையல் போட்டுவைத்து, அப்படியே செருகிக்கொள்வேன். இஸ்திரிக்குக் கொடுக்காமல் அடுப்புத் தணலைச் சொம்பில் அள்ளிப் போட்டு நானே தேய்ப்பேன்.

சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்த பழைய துணிகள் ரோட்டோரம் மலைபோலக் குவிந்து கிடந்தன. கடலோரத்து ஜனங்கள் அதைத் தொடவில்லை. "ஊடு போச்சுன்னா மானமும் போச்சா?" என்றார்கள். நான் விடியுமுன் போய்க் கிளறினேன். கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிசாக ஒரு வாயில் சேலை அகப்பட்டது. மூன்று தண்ணீரில் அலசி, கிழிசல் உள்ளே போகும்படி மடித்து, பெண் பார்க்க வந்த அன்று அதைத்தான் கட்டியிருந்தேன். "பொண்ணு பளிச்சுனு இருக்குது" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்.

இடுப்பு விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. "கேட்டா சொல்லுவோம். கேக்காததை நாமளா போய் ஏன் சொல்லணும்?" என்றார் அப்பா. அப்பாமேல் மட்டும் பழி போட மாட்டேன். அன்று எங்கள் இரண்டு பேரையும் ஐந்து நிமிஷம் தனியாகப் பேச விட்டபோது மாப்பிள்ளை கேட்டார்: "உப்பளத்து வேலை ஒடம்புக்குக் கஷ்டமா இருக்குதா?" எனக்காக ஒருவர் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. "பழகிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

கடையில் மெத்தைதான். வெள்ளை விரிப்புப் போட்டு, எல்லாரும் வட்டமாக உட்காரும்படி. சித்தியின் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினேன். விற்கிறவர் ஒவ்வொன்றாகப் பிரித்து என் தோளில் போட்டார். அரை முழத்துக்கு ஜரிகை போட்ட ஒன்று தோளில் விழுந்ததும் அதன் கனம் நேரே இடுப்புக்கு இறங்கியது. அந்தச் சேலையோடு மணவறையில் உட்கார்ந்து எழுந்து, சுற்றி வந்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டும்.

"இது வேணாங்க, வேற பாக்கலாம்" என்றேன்.

"பொண்ணு கையில தராசு வெச்சிருக்குது போல. ஒவ்வொண்ணையும் தூக்கித் தூக்கிப் பாக்குதே" என்று அவருடைய அக்கா சிரித்தார்.

கடைசியில் சின்னக் கரை போட்ட, அரக்கு நிறத்தில் ஒரு சேலையைப் பிடித்தேன். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். அவருடைய அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"ஐயாயிரம் முடிஞ்சு எடுத்தாந்தேன். பாதியிலேயே முடிச்சிட்டா. குடும்பத்துக்கு ஏத்த பொண்ணு. பாத்தீங்களா சம்பந்தி?"

அப்பா தலையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை. நான் விலையே பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பில் போட்டாகிவிட்டது. சேலையோடு சேர்ந்திருந்த ஜாக்கெட் துணியையும் அங்கேயே வெட்டி வாங்கிவிட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

கையை ஊன்றிப் பார்த்தேன். இடது காலை மடக்கிப் பார்த்தேன். இடுப்பில் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. சித்தி சட்டென்று குனிந்து, "இருங்க, பொண்ணு இன்னொரு தடவ கரையைப் பாக்கணுமாம்" என்று எனக்காகச் சமாளித்தாள். விற்கிறவர் மறுபடியும் சேலையைப் பிரித்தார். பார்த்தாயிற்று. மடித்தாயிற்று. நான் அப்படியே இருக்கிறேன். நெற்றி வேர்வையில் பொட்டு கரைந்து மூக்கில் இறங்கியது.

மாப்பிள்ளை உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். செருப்பை விட்டுவிட்டு மெத்தைமேல் வந்து மண்டி போட்டார். என் அக்குளுக்குக் கீழே ஒரு கை, முட்டிக்குப் பின்னால் ஒரு கை.

"மூச்சை இழுத்துப் புடிச்சுக்கோ" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, ஒரே தூக்கில் நிறுத்திவிட்டார். வலிக்கவில்லை. எட்டு வருஷத்தில் வலிக்காமல் நான் எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

"எத்தினி வருஷமா?" என்றார்.

"எட்டு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெளியே கடை வாசலில் அவருடைய அம்மா என் அப்பாவிடம் பேசினார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை. ஐயா என்றார்.

"பொண்ணைக் குறை சொல்லலீங்க ஐயா. எங்க ஊட்ல ரெண்டு எருமை இருக்குது. தண்ணிக்கு ஊர்க்கோடிக்குப் போவணும். எனக்கும் வயசாவுது."

"தண்ணிய நான் தூக்கிக்கிறேம்மா" என்றார் அவர்.

"தண்ணியத் தூக்குவியா, அவளத் தூக்குவியா? நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா அதத் தூக்குவியா? பொழப்புக்கு எப்போடா போவ?"

அவருடைய அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா கேட்டதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ராத்திரி ராத்திரியாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. அவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசுவார் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காத்திருந்தேன்.

ஒருத்திக்கென்று எடுத்த கூறையை வீட்டில் வைத்திருந்து இன்னொருத்திக்குக் கட்ட மாட்டார்கள். ஜாக்கெட் துணி வெட்டிய சேலையைக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அப்பா பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "புடவைக் காசை நான் குடுத்துடறேம்மா" என்றார். திரும்பி வரும்போது அவர்கள் முன்பக்கம் உட்கார்ந்தார்கள், நாங்கள் பின்பக்கம். கீழ்புத்துப்பட்டில் அவர் மட்டும் பின்வாசல் வழியாக வந்து இறங்கினார். என் சீட்டுக் கம்பியில் ஒரு நொடி கை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

அப்பா உப்புக் கூலியில் பிடித்துப் பிடித்து ஆயிரம் கொடுத்தார், பிறகு ஐநூறு, மழைக்கு முன்னால் இருநூறு. லாரி நிற்கிற இடத்தில் அவர், "வேணாம் மாமா, இருக்கட்டும்" என்றாராம். அப்பா சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்திருக்கிறார். அப்போதும் மாமா என்றுதான் கூப்பிட்டாராம். அதை அப்பா என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த தையில் அவருக்குக் கல்யாணம் ஆனது. புதுப்பெண் இருக்கிற வீட்டுக்குப் பழைய கூறையின் காசைக் கொண்டு போய் எப்படி நீட்டுவது என்று அப்பா தயங்கினார். நானும் கேட்கவில்லை. கொடுத்து முடித்துவிட்டால் அந்த வீட்டோடு ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சேலையை நான் கட்டுகிறேன். நல்ல துணியைப் பெட்டியில் வைத்து இற்றுப்போக விட எனக்கு வசதியில்லை. மற்றவர்கள் கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போய், நாற்காலி பார்த்து ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். "சூப்பரா இருக்குது, எங்க எடுத்த?" என்பார்கள். பாண்டிச்சேரியில் என்பேன். என்ன விலை என்பார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை. அவர்களுக்கு இன்னும் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் தர வேண்டியிருக்கிறது.